நாற்பத்தாறு பெண்கள், எண்பத்து நான்கு கட்டங்கள்

வாசகர் கடிதம்: சென்னைப் புறநகரில் உள்ள ஒரு பொறியியல் ஆராய்ச்சி மையத்தின் மனிதவளத் துறையில் பணியாற்றுகிறேன். எங்கள் மையத்தில் 7 பிரிவுகளில் 412 பொறியாளர்களும் விஞ்ஞானிகளும் இருக்கிறார்கள். அவர்களில் 46 பேர் பெண்கள். பணியிடத்தின் பன்முகத்தன்மை பற்றியும், எல்லோரும் சமமாக நடத்தப்படுகிறார்களா என்பது பற்றியும் கருத்தாய்வு நடத்தும்படி வெளிநாட்டிலுள்ள எங்கள் தலைமையகம் 64 கேள்விகள் கொண்ட ஆங்கில வினாப்பட்டியல் ஒன்றை அனுப்பியிருக்கிறது. பெயர் கேட்கவில்லை, ஆனால் பிரிவு, பாலினம், வயது (4 தொகுதிகள்), பணிக்காலம் (3 தொகுதிகள்) ஆகியவற்றைக் குறிக்க வேண்டும். ஆறு வாரங்களில் பிரிவுவாரியாக முடிவுகள் வேண்டும் என்கிறார்கள். 'இனம்' என்ற கேள்விக்கு எங்களில் எல்லோரும் 'ஆசியர்' என்றே குறிக்க வேண்டியிருக்கும். சாதி பற்றி ஒரு கேள்வியும் இல்லை. சேர்க்கலாமா என்று தெரியவில்லை. 38 பேர் உள்ள சோதனைக் கூடத்தில் 3 பேர்தான் பெண்கள். "பேர் போடவில்லை என்றாலும் யார் எழுதியது என்று தெரிந்துவிடும், மேடம்" என்கிறார்கள். அந்தக் கூடத்தில் பெண்களுக்குக் கழிப்பறை இல்லாததால் அவர்கள் அடுத்த கட்டடத்துக்குப் போய்வருகிறார்கள் என்பதும் எனக்குத் தெரியும். இந்த வினாப்பட்டியலைத் தமிழாக்கி அப்படியே அனுப்பிவிடலாமா?

பதில்:

அன்புள்ள வாசகிக்கு, வணக்கம்.

சோதனைக் கூடத்துப் பெண்கள் தங்களிடம் சொன்ன அந்த வாக்கியத்திலிருந்தே தொடங்குகிறேன். புள்ளியியல் படித்தவர்கள் கணக்குப் போட்டுக் காட்டுவதை அவர்கள் அனுபவத்தால் அறிந்து சொல்லியிருக்கிறார்கள். 7 பிரிவு, 4 வயதுத் தொகுதி, 3 பணிக்காலத் தொகுதி என்று பெருக்கினால் பெண்களுக்கு மட்டும் 84 கட்டங்கள் கிடைக்கின்றன. அந்த 84 கட்டங்களில் 46 பெண்களைப் பரப்பிப் பாருங்கள்: சராசரியாகக் கட்டத்துக்கு ஒருவர்கூட வரமாட்டார். பிரிவு, பாலினம், வயது, பணிக்காலம் என்று நான்கு இடங்களில் குறியிட்டு முடித்தவுடன், பெயரை எழுதியதற்கும் எழுதாமல் விட்டதற்கும் வேறுபாடு இல்லாமல் போய்விடுகிறது.

பணியின் தொடக்க ஆண்டுகளில் நான் செய்த ஒரு தவற்றை இங்கே சொல்லியாக வேண்டும். ஓர் ஆராய்ச்சி நிறுவனத்துக்காக நான் தயாரித்த அறிக்கையில், குறிப்பிட்ட ஒரு துறையின் பெண் விஞ்ஞானிகள் மூவரில் ஒருவர் மேலதிகாரியின் நடத்தை பற்றி மனக்குறை தெரிவித்ததாக ஒரு வரி இடம்பெற்றது. அந்த ஒருவர் யார் என்று கண்டுபிடிக்க அத்துறைக்கு ஒரு மதிய உணவு இடைவேளை போதுமானதாக இருந்தது. அடுத்த ஆண்டே அவர் மாற்றல் கேட்டு வேறு ஊருக்குப் போய்விட்டார். என் அட்டவணையில் கணக்குப் பிழை எதுவும் இருக்கவில்லை. அந்த அட்டவணையை நான் போட்டதுதான் பிழை. அன்றிலிருந்து எந்த நிறுவனத்துக்கு ஆலோசனை சொன்னாலும் கேள்விகளைப் பார்ப்பதற்கு முன்னால், முடிவுகள் எந்த வடிவில் யார் கைக்குப் போகப் போகின்றன என்பதையே முதலில் கேட்கிறேன்.

ஆகவே தங்கள் மையத்தில் பிரிவுவாரியாகவும் பாலினவாரியாகவும் ஒருசேர முடிவுகளை வெளியிடக் கூடாது. பத்துப் பேருக்குக் குறைவாகப் பதிலளித்துள்ள எந்தக் குழுவின் முடிவையும் தனியாகக் காட்டுவதில்லை என்ற விதியை வினாப்பட்டியலின் முகப்பிலேயே எழுதி, தலைமையகத்தின் ஒப்புதலையும் எழுத்தில் பெற்றுவிடுங்கள். இந்த விதியிலும் ஓர் ஓட்டை உண்டு. மொத்தப் பெண்களின் எண்ணிக்கையை வெளியிட்டு, ஆறு பிரிவுகளின் எண்ணிக்கையையும் வெளியிட்டு, ஏழாவதை மட்டும் மறைத்தால், கழித்துப் பார்க்கத் தெரிந்த எவருக்கும் ஏழாவது தெரிந்துவிடும். தாங்கள் கேட்கப் போவதோ பொறியாளர்களிடம். ஒன்றை மறைத்தால் அதைக் கணக்கிட உதவும் இன்னொன்றையும் மறைக்க வேண்டும். இதைவிட எளிய வழி, வயதையும் பணிக்காலத்தையும் கேட்காமல் விடுவது. அந்த விவரங்களை வைத்துக்கொண்டு என்ன முடிவு எடுக்கப் போகிறார்கள் என்று தலைமையகத்திடம் கேளுங்கள்; தெளிவான பதில் வராத கேள்விகளை நீக்கிவிடுங்கள்.

'பெயரற்றது' என்பதும் 'இரகசியம் காக்கப்படுவது' என்பதும் ஒன்றல்ல என்பதையும் ஊழியர்களுக்கு நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஒவ்வொருவரின் அலுவலக மின்னஞ்சலுக்கும் தனித்தனி இணைப்பு அனுப்பி, நிரப்பாதவர்களுக்கு மட்டும் நினைவூட்டல் போகும் கருத்தாய்வு பெயரற்றது ஆகாது. யார் நிரப்பினார், யார் நிரப்பவில்லை என்று அந்த மென்பொருளுக்குத் தெரிந்திருக்கிறது, ஆகவே அதை இயக்குபவருக்கும் தெரியும். எல்லோருக்கும் ஒரே பொது இணைப்பு, சொந்தக் கைப்பேசியிலிருந்தும் நிரப்பும் வசதி, மூலப் பதில்கள் நிறுவனத்துக்கு வெளியே ஒரு பல்கலைக்கழகத் துறையிடமோ தனி ஆய்வு அமைப்பிடமோ இருப்பது ஆகிய மூன்றும் இருந்தால்தான் அந்தச் சொல்லை எழுதலாம். எழுத்தில் கேட்கப்படும் கருத்துகளை எந்தப் பிரிவுத் தலைவரிடமும் அப்படியே கொடுத்துவிடாதீர்கள். ஒரு குழுவில் பத்தாண்டு சேர்ந்து வேலை செய்தவர்களுக்கு யாருடைய ஆங்கிலம் எப்படி இருக்கும், யார் எந்தச் சொல்லைத் திரும்பத் திரும்ப எழுதுவார் என்பது கையெழுத்தைப் போலவே தெரியும்.

இவ்வளவு அழுத்திச் சொல்வதற்கு அறம் மட்டும் காரணமன்று. முடிவின் நம்பகத்தன்மையும் இதில்தான் இருக்கிறது. 46 பெண்களில் 20 பேர் மட்டும் பதிலளித்து, அவர்களில் 16 பேர் 'எனக்குப் பிரச்சினை ஏதுமில்லை' என்று குறித்ததாக வைத்துக்கொள்வோம். அறிக்கையில் 80 விழுக்காடு என்று எழுதிவிடுவார்கள். பதிலளிக்காத 26 பேருக்கும் பிரச்சினை இருந்திருந்தால் உண்மையான அளவு 46இல் 16, அதாவது 35 விழுக்காடு. அவர்களில் ஒருவருக்கும் இல்லாதிருந்தால் 46இல் 42, அதாவது 91 விழுக்காடு. 35க்கும் 91க்கும் இடையில் எங்கோ இருக்கும் ஒன்றை 80 என்று அச்சிடுவது தவறு. அஞ்சுபவர்களே பெரும்பாலும் பதிலளிக்காமல் ஒதுங்குவார்கள் என்பதால், அந்தப் பிழை எந்தப் பக்கம் சாயும் என்பதும் நமக்குத் தெரியும்.

அடுத்து, கருத்தாய்வு தொடங்கும் முன்பே தங்கள் அலமாரியில் இருக்கும் சான்றுகளைப் பார்க்க வேண்டும். இதற்கு நான் எப்போதும் எடுத்துக்காட்டாகச் சொல்வது அமெரிக்காவின் எம்.ஐ.டி. என்ற தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் நடந்ததை. 1994இல் அங்கே அறிவியல் புலத்தில் நிரந்தரப் பதவி பெற்ற ஆண் பேராசிரியர்கள் ஏறத்தாழ 200 பேர். பெண்கள் 15 பேர். உயிரியலாளர் நான்சி ஹாப்கின்ஸ் தமக்குக் கூடுதல் ஆய்வக இடம் வேண்டிக் கேட்டு மறுக்கப்பட்டபோது, அளவு நாடாவை எடுத்துக்கொண்டு கட்டடத்தின் ஆய்வகங்களைத் தாமே அளந்தார். பெண்களுக்கு ஒதுக்கப்பட்ட இடம் குறைவு என்பது சதுர அடிக் கணக்கில் தெரிந்தது. பிறகு அப்பெண்கள் சேர்ந்து கேட்டு அமைந்த குழு, சம்பளம், இடம், பொறுப்புகள் ஆகியவற்றைத் தொகுத்துப் பார்த்தது. அந்த ஆய்வின் அறிக்கை 1999இல் வெளியானது. 15 பேரிடம் 'நீங்கள் மதிக்கப்படுகிறீர்களா' என்று கேட்டு விழுக்காடு போட்டிருந்தால் அது வெறும் மனக்குறை என்று ஒதுக்கப்பட்டிருக்கும். நாடாவின் அளவை அப்படி ஒதுக்க முடியவில்லை.

தங்களுடைய நாடா மனிதவளத் துறையின் கோப்புகள்தான். ஒரே ஆண்டில், ஒரே பட்டத்துடன் சேர்ந்த ஆணும் பெண்ணும் இன்று எந்தச் சம்பளத்தில், எந்தப் பதவியில் இருக்கிறார்கள்? முதல் பதவி உயர்வுக்கு எத்தனை ஆண்டுகள் ஆயின? மகப்பேற்று விடுப்பிலிருந்து திரும்பியவர்களில் எத்தனை பேர் ஓராண்டுக்குப் பிறகும் பணியில் இருக்கிறார்கள்? திரும்பியதும் பழைய திட்டப்பணியே கிடைத்ததா? வெளிநாட்டுப் பணிக்கு அனுப்பப்பட்டவர்கள் யார்? காப்புரிமை விண்ணப்பங்களில் யாருடைய பெயர்கள் இருக்கின்றன? இவற்றுக்கு ஒருவரிடமும் கேள்வி கேட்க வேண்டியதில்லை. வேலைக்கு எடுக்கும் நிலையையும் சேர்த்துப் பாருங்கள்: விண்ணப்பித்தவர்கள், நேர்காணலுக்கு அழைக்கப்பட்டவர்கள், தேர்வானவர்கள், சேர்ந்தவர்கள் என்ற ஒவ்வொரு படியிலும் பெண்களின் பங்கு எவ்வளவு என்று எழுதினால், எந்தப் படியில் குறைகிறது என்பது ஒரே பக்கத்தில் தெரிந்துவிடும். 'படித்த பெண்களே கிடைப்பதில்லை' என்று யாராவது சொன்னால், ஒன்றிய அரசின் 2020-21 உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி அறிவியல் பிரிவில் படித்த 55.5 லட்சம் மாணவர்களில் 29.5 லட்சம் பேர் பெண்கள் என்பதை எடுத்துக் காட்டுங்கள். பொறியியலில் பங்கு குறைவுதான் என்றாலும், தங்கள் மையத்தின் 11 விழுக்காட்டை விளக்க அது போதாது.

கோப்புகள் சொல்லாதவற்றைக் கேட்கத்தான் வினாப்பட்டியல் தேவைப்படுகிறது. அதற்கு 15 கேள்விகள் போதும். தலைமையகத்தின் பட்டியலில் 'இந்நிறுவனம் பன்முகத்தன்மையை மதித்து அனைவரையும் உள்ளடக்குகிறது; உடன்படுகிறீர்களா' என்ற வகைக் கேள்விகள் இருந்தால் நீக்கிவிடுங்கள். ஒன்றில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன, இரண்டுமே பொதுப்படையானவை, மேலும், நம்மிடையே இத்தகைய வாக்கியங்களுக்கு மரியாதை கருதி 'உடன்படுகிறேன்' என்று குறிக்கும் பழக்கம் வலுவானது. நிகழ்ச்சியைக் கேளுங்கள், காலத்தைக் குறித்துக் கேளுங்கள். 'கடந்த 12 மாதங்களில், கூட்டத்தில் நீங்கள் முதலில் சொன்ன தொழில்நுட்பக் கருத்து பிறகு வேறொருவர் பெயரில் பதிவானது எத்தனை முறை?' 'உங்கள் வேலையைப் பாதிக்கும் முடிவு ஒன்று, நீங்கள் இல்லாத இடத்தில் எடுக்கப்பட்டது என்று பிறகு அறிந்தது உண்டா?' இந்த இரண்டாவது கேள்விக்குப் பின்னால், நான் பல நிறுவனங்களில் கண்ட ஒரு காட்சி இருக்கிறது. சோதனை அட்டவணை கூட்ட அறையில் விவாதிக்கப்படும். ஆனால் மாலை ஆறு மணிக்குக் கேட்டுக்கு வெளியே உள்ள டீக்கடையில் முடிவாகும். கம்பெனிப் பேருந்தைப் பிடிக்க ஓடுபவர்களும், குழந்தையைக் காப்பகத்திலிருந்து அழைத்துவர வேண்டியவர்களும், அந்த வட்டத்துக்குள் இயல்பாக நின்று பேச முடியாத பெண்களும் மறுநாள் காலையில்தான் அதை அறிவார்கள். யாரும் யாரையும் விலக்க நினைக்கவில்லை என்றாலும் விலக்கு நடந்துவிடுகிறது.

'இனம்' என்ற கேள்வியை நீக்கிவிடுங்கள். அது அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் வகைப்பாட்டிலிருந்து வருவது. அங்கே அதற்கு வரலாறும் பயனும் உண்டு, இங்கே எல்லோரும் ஒரே கட்டத்தில் குறியிட்டு, 'வேறுபாடு ஏதுமில்லை' என்ற பொய்யான நிறைவை அது தலைமையகத்துக்குத் தந்துவிடும். அதற்குப் பதிலாக இங்கே உண்மையில் கோடு கிழிப்பவற்றைக் கேளுங்கள். தாங்கள் குடும்பத்தின் முதல் பட்டதாரியா என்ற கேள்வியைத் தமிழ்நாட்டில் யாரும் தயக்கமின்றிப் புரிந்துகொள்வார்கள். 2010-11 முதல் தொழிற்கல்வியில் முதல் பட்டதாரிகளுக்குக் கல்விக் கட்டணச் சலுகை இருப்பதால், தங்கள் இளம் பொறியாளர்கள் பலர் அந்தச் சான்றிதழுக்காகத் தாலுகா அலுவலகம் போய்வந்தவர்களாகவே இருப்பார்கள். பள்ளியில் எந்த மொழிவழி படித்தீர்கள் என்பதும் அவ்வாறே. 'ஆங்கிலத்தில் பேச வேண்டியிருந்ததால், தெரிந்த விடையைக் கூட்டத்தில் சொல்லாமல் விட்டது உண்டா?' என்ற கேள்விக்குக் கிடைக்கும் பதில்கள் தங்கள் தலைமையகத்தை வியப்பில் ஆழ்த்தக்கூடும். அந்தப் பதில்களுக்குச் செலவில்லாத தீர்வும் உண்டு: கூட்டத்தின் முதல் பத்து நிமிடங்கள் தமிழில் நடக்கலாம்.

சாதியைக் கேட்கலாமா என்பதே தங்கள் கடிதத்தின் கடினமான கேள்வி. தனியார் துறையில் இட ஒதுக்கீடு இல்லாததால் இதுபற்றி எந்தக் கோப்பும் இருக்காது. ஆகவே கேட்காதவரை, யார் அறவே இல்லை என்பது தெரியாது. எங்கள் அலுவலகத்தில் யாரும் சாதி பார்ப்பதில்லை என்று சொல்லி இக்கேள்வியை ஒதுக்குபவர்களுடன் நான் உடன்படவில்லை. பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் போடாத மாநிலம் நம்முடையது. அதனாலேயே, தெரிந்துகொள்ள விரும்புபவர்கள் சுற்றி வளைத்து விசாரிப்பார்கள். 'சொந்த ஊர் எது? ஊரில் எந்தப் பக்கம்? குலதெய்வம் எது? வீட்டில் அசைவம் சமைப்பீர்களா?' என்ற கேள்விகள் எதற்காகக் கேட்கப்படுகின்றன என்பது கேட்பவருக்கும் தெரியும், பதில் சொல்பவருக்கும் தெரியும். அதே காரணத்தால், மனிதவளத் துறையிலிருந்து 'உங்கள் சாதி என்ன' என்று ஒரு படிவம் வரும்போது அது இன்னொரு விசாரணையாகத்தான் படும்.

முதல் ஆண்டில் அடையாளத்தைக் கேட்க வேண்டாம் என்பதும், நிகழ்ச்சியை மட்டும் எல்லோரிடமும் கேளுங்கள் என்பதும் என் கருத்து. 'கடந்த 12 மாதங்களில் உங்கள் சாதியை அறியும் நோக்கத்துடன் பணியிடத்தில் யாரும் கேள்வி கேட்டதாக உணர்ந்தீர்களா?' 'இட ஒதுக்கீட்டில் படித்து வந்தவர்களின் திறமை பற்றித் தாழ்வான பேச்சை உங்கள் குழுவில் கேட்டதுண்டா?' இவற்றுக்குப் பதிலளிக்க யாரும் தம்மை வெளிப்படுத்த வேண்டியதில்லை. பேச்சைக் கேட்டவர் எந்தச் சாதியினராகவும் இருக்கலாம். 412 பேரில் பெரும்பாலோர் பதிலளித்து, அவர்களில் கணிசமானோர் 'ஆம்' என்றால், அந்த ஒரு எண் போதும். அந்த முடிவை வெளியிட்டு, ஏதேனும் செய்தும் காட்டிய பிறகு, அடுத்த ஆண்டு வெளி அமைப்பு ஒன்றின் வழியாக, விருப்பமிருந்தால் மட்டும் என்ற நிபந்தனையுடன், பட்டியல் சாதி, பழங்குடி, மிகவும் பிற்பட்டோர், பிற்பட்டோர், பொது என்ற அகன்ற தொகுதிகளில் கேட்கலாம். முடிவு மொத்த மையத்துக்கும் ஒன்றாகவே வர வேண்டும். 2023ஆம் ஆண்டின் தனிநபர் மின்தரவுப் பாதுகாப்புச் சட்டம் சாதிக்கோ உடல்நலத்துக்கோ தனியான, கூடுதல் பாதுகாப்புள்ள வகை எதையும் வகுக்கவில்லை. ஆகவே அந்தக் கூடுதல் பாதுகாப்பைத் தாங்கள்தான் ஏற்படுத்திக்கொள்ள வேண்டும். தரவு எதற்காகத் திரட்டப்படுகிறது என்ற அறிவிப்பை அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணை மொழிகளிலும் படிக்க வழி செய்ய வேண்டும் என்று அச்சட்டம் சொல்வதால், தமிழ் அறிவிப்பை முதல் பக்கத்திலேயே வையுங்கள்.

மாற்றுத்திறன் பற்றி 'உங்களுக்கு ஊனம் உண்டா' என்று கேட்டால் பெரும்பாலோர் இல்லை என்றே சொல்வார்கள். ஐக்கிய நாடுகளின் புள்ளியியல் ஆணையத்தின் கீழ் 2001இல் அமைந்த வாஷிங்டன் குழு வகுத்த ஆறு கேள்விகள் இதற்குப் பயன்படும்: பார்த்தல், கேட்டல், நடத்தல், நினைவில் கொள்ளுதல், தன்னைத் தானே கவனித்துக்கொள்ளுதல், பிறருடன் தொடர்புகொள்ளுதல் ஆகியவற்றில் எவ்வளவு சிரமம் இருக்கிறது என்று நான்கு படிகளில் கேட்பவை அவை.

பாலினத்துக்கு இரண்டு கட்டங்கள் மட்டும் வைக்காதீர்கள். இந்தியாவின் முதல் பெண் பொறியாளர்களில் ஒருவரான அ. லலிதா 1940களில் கிண்டி பொறியியல் கல்லூரியில் மின்பொறியியல் முடித்தபோது, ஆணைக் குறிக்கும் சொல்லே அச்சடிக்கப்பட்டிருந்த பட்டச் சான்றிதழில் அதை அடித்துவிட்டுப் பெண்ணைக் குறிக்கும் சொல்லைக் கையால் எழுத வேண்டியிருந்தது. இன்னொருவர் நம் படிவத்தில் தம் இடத்தைத் தாமே அடித்துத் திருத்தி எழுத நேரக் கூடாது. பாலின ஈர்ப்பை மட்டும் தங்கள் மையத்துக்குள் கேட்க வேண்டாம். அமெரிக்காவில் எரின் செக், டாம் வைட்சூனஸ் ஆகிய சமூகவியலாளர்கள் 21 அறிவியல், பொறியியல் சங்கங்களின் உறுப்பினர்கள் 25,000க்கும் மேற்பட்டோரிடம் ஆய்வு நடத்தி 2021இல் வெளியிட்டார்கள். அவ்வளவு பெரிய தொகுதியிலும் தன்பாலின ஈர்ப்பாளர்களும் பிற பால்புதுமையினரும் ஏறத்தாழ ஆயிரம் பேரே. அவர்கள் கூடுதலான துன்புறுத்தலுக்கும், தொழில்முறை மதிப்புக் குறைவுக்கும் ஆளாவதை அந்த எண்ணிக்கையை வைத்து உறுதியாகச் சொல்ல முடிந்தது. 412 பேர் உள்ள இடத்தில் அது முடியாது. ஒருசிலரை அம்பலப்படுத்துவதில்தான் முடியும். இத்தகைய கேள்விகளைப் பல நிறுவனங்களின் பொறியாளர்கள் உறுப்பினராக உள்ள தொழில்முறைச் சங்கம் ஒன்று கேட்பதே பொருத்தம்.

பாலியல் தொல்லை பற்றிய கேள்வி இருந்தால், அதன் கீழேயே ஒரு குறிப்பு வேண்டும். கருத்தாய்வில் எழுதுவது புகார் ஆகாது. 2013ஆம் ஆண்டின் பணியிடப் பாலியல் தொல்லைத் தடுப்புச் சட்டப்படி உள்ளகப் புகார்க் குழுவிடம் எழுத்தில், நிகழ்ந்த மூன்று மாதங்களுக்குள் கொடுப்பதே புகார். வினாப்பட்டியலில் சொல்லிவிட்டோம், நடவடிக்கை வரும் என்று காத்திருந்தே அந்தக் காலக்கெடுவைத் தவறவிட்டவர்களை நான் அறிவேன். குழு உறுப்பினர்களின் பெயர்களும் தொலைபேசி எண்களும் அந்தப் பக்கத்திலேயே இருக்கட்டும்.

தலைமையகத்துக்குத் தாங்கள் எழுத வேண்டிய கடிதம் சிறியது: ஆறு வாரங்களில் கோப்புகளிலிருந்து எடுத்த ஒப்பீட்டை அனுப்புகிறோம்; 15 கேள்விகள் கொண்ட வினாப்பட்டியலைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் தயாரித்து, பத்துப் பேரிடம் வாய்விட்டுப் படிக்கச் சொல்லிச் சோதித்த பிறகு அனுப்புவோம்; பிரிவையும் பாலினத்தையும் சேர்த்துப் பிரித்த முடிவுகள் தர இயலாது.

அந்த ஆறு வாரங்களில் தாங்கள் செய்யக்கூடிய இன்னொன்றும் இருக்கிறது. சோதனைக் கூடத்தில் பெண்களுக்குக் கழிப்பறை இல்லை என்பது தங்களுக்கு ஏற்கெனவே தெரியும். ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனிக் கழிப்பிடம் வேண்டும் என்று 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டமே விதித்திருந்தது. இதை அறிய எந்தக் கருத்தாய்வும் தேவையில்லை. பராமரிப்புப் பிரிவிடம் இந்த வாரமே மதிப்பீடு கேளுங்கள். கழிப்பறையின் கதவு மாட்டி, தண்ணீர் வந்த பிறகு அந்த மூவரிடமும் வினாப்பட்டியலைக் கொடுங்கள்.